‘வேண்டாம்’ என்றதற்கு அடி வாங்கிய மகள்

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். மகனுக்கு எட்டு வயது. சென்ற மாதம் பள்ளியில் ‘குட் டச், பேட் டச்’ என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் சித்தப்பா வழக்கம்போல வீட்டுக்கு வந்தார். வரும்போது பொரி உருண்டை வாங்கி வருவார். பேத்தியைத் தூக்கிக் கன்னத்தில் தாடியைத் தேய்த்து முத்தம் கொடுப்பார். அன்றைக்கு அவள் திமிறிக்கொண்டு, “தாத்தா பேட் டச்!” என்று கூடமே கேட்கும்படி கத்திவிட்டாள். பெரியவர் முகம் சுண்டிப்போய், போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். என் கணவர் மகளின் முதுகில் ஒரு அடி வைத்து, போனில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். “ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தால் இப்படித்தான் ஆகும்” என்று மாமியார் பள்ளியையும் என்னையும் சேர்த்துத் திட்டினார். அன்றிலிருந்து மகள் பள்ளிக் கதை எதுவும் சொல்வதில்லை. நேற்று குளிப்பாட்டும்போது, “அம்மா, நீ தொடுவது குட் டச்சா?” என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தப் பெரியவரைச் சந்தேகப்பட வேண்டுமா? பிள்ளையைப் பயமுறுத்தாமல் இதைச் சொல்லித் தருவது எப்படி? எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு ‘ஷேம் ஷேம்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மேலே படிக்கவிடவில்லை. “அன்றிலிருந்து மகள் பள்ளிக் கதை எதுவும் சொல்வதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும், இன்று இரவே.

நடந்ததை உங்கள் மகளின் பக்கம் நின்று பாருங்கள். பிடிக்காத ஒன்று நடந்தால் சத்தமாகச் சொல் என்று டீச்சர் சொன்னார்கள். அவள் சொன்னாள். அடி விழுந்தது. யாரைப் பிடிக்கவில்லை என்று சொன்னாளோ அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நாளைக்கு வேறு யாராவது, வேறு எங்காவது, உண்மையிலேயே தகாத ஒன்றைச் செய்தால் அவள் வாய் திறப்பாளா? வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த வீடு அவளுக்குக் காட்டிவிட்டது. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை; சித்தப்பாவுக்கு நேர்ந்த அவமானம் அவர் கையை ஓங்க வைத்தது. அதனால் அடித்த கைதான் அணைக்கவும் வேண்டும். அவளை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொல்லட்டும்: “அன்றைக்கு அப்பா உன்னை அடித்தது தப்பு. உனக்குப் பிடிக்கவில்லை என்று நீ சொன்னது தப்பே இல்லை. இனிமேலும் சொல். அப்பா கேட்பேன்.” இவ்வளவு போதும். அதோடு ஒரு ‘ஆனால்’ சேர்த்து அறிவுரையை ஆரம்பித்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் பெரிய செய்தியை எடுத்த எடுப்பில் கொண்டுவந்து கொட்டுவதில்லை. ஒரு நுனியை மட்டும் நீட்டிப் பார்ப்பார்கள். நாம் அதைப் பிடித்துக்கொண்டால் மீதி வரும். தட்டிவிட்டால் உள்ளே போய்விடும். என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒன்பது வயதுப் பெண்ணைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். டியூஷன் போகும் வீட்டில் ஒருவர் அவளிடம் பல வாரங்களாகத் தவறாக நடந்திருக்கிறார். அவள் சொல்லாமல் இல்லை. ஒரு நாள் “எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை” என்றாள். இன்னொரு நாள் வயிறு வலிக்கிறது என்றாள். மூன்றாவது முறை, “அந்த வீட்டில் ஃபேன் ரொம்பச் சத்தம் போடுகிறது” என்றாள். “பீஸ் கட்டியாகிவிட்டது, ஒழுங்காகப் போ” என்று அம்மா அனுப்பிவிட்டார். உண்மை தெரிந்த பிறகு அந்தத் தாய் என் முன்னால் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, “ஃபேன் என்றாளே, நான் ஃபேனைத்தான் நினைத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாசத்தில் ஒரு குறையும் இல்லாத தாய் அவர். மகள் நீட்டிய நுனி அவர் கண்ணில் படவில்லை. உங்கள் மகளோ கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் நேராகவே சொல்லியிருக்கிறாள். அவளிடம் இருக்கும் அந்தத் தைரியத்தை இழந்துவிடாதீர்கள்.

இனி அந்தப் பெரியவர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எல்லோரும் இருக்கும் கூடத்தில் கன்னத்தில் கொடுத்த முத்தத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. தாடி குத்தியிருக்கும், மூச்சு முட்டியிருக்கும், அன்றைக்குத் தூக்கவே பிடிக்காமல் இருந்திருக்கும். அதைச் சொல்ல அவளுக்கு அந்த வாரம் புதிதாகக் கிடைத்த சொல் ‘பேட் டச்’. அதை எடுத்து வீசிவிட்டாள். ஆனாலும் ‘இவர் நல்லவர், இவரைக் கவனிக்க வேண்டாம்’ என்று யாரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நாம் கவனிக்க வேண்டியது நடத்தையை. குழந்தையைத் தனியே அழைத்துப் போவதற்கு ஏதாவது சாக்குத் தேடுகிறவர், ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று சொல்லித் தின்பண்டம் தருகிறவர், வேண்டாம் என்று அழுத பிறகும் கிச்சுக்கிச்சு மூட்டுவதை நிறுத்தாதவர்: இவர்களை, என்ன உறவாக இருந்தாலும், கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரைச் சமாதானப்படுத்துவது உங்கள் கணவரின் வேலை, குழந்தையின் வேலை இல்லை. அவரே நேரில் போய், “சித்தப்பா, பிள்ளை வளர்கிறாள். தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு அவள் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் அவளுக்கே தெரியாது, ஆனால் பிடிக்கவில்லை என்பது நிஜம்” என்று சொல்லட்டும். பாசமுள்ள மனிதர் புரிந்துகொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது மகள் கைகூப்பி வணக்கம் சொல்லட்டும். தொடாமலே மரியாதை செய்யும் வழி நம்மிடம் எப்போதோ இருக்கிறது; முத்தம் கொடுத்தால்தான் மரியாதை என்று நம் முன்னோர் யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தோன்றினால் தானாகவே மடியில் ஏறிக்கொள்வாள். அப்படி ஏறி உட்கார்ந்த பிள்ளையின் பாசம் அவருக்கும் இனிக்கும்.

பள்ளி சொல்லித் தந்தது தவறா என்று உங்கள் மாமியார் கேட்கிறார். சொல்லித் தந்தது சரி. சொல்லித் தந்த விதத்தில்தான் எனக்குக் குறை உண்டு. ஐந்து வயதுக் குழந்தைக்கு ‘பேட்’ என்றால் சோற்றைக் கொட்டிய ‘பேட் கேர்ள்’ என்பதுதான் நினைவுக்கு வரும். தனக்கு ஒரு ‘பேட்’ நடந்தால் தான்தான் ஏதோ தப்பு செய்ததாக அவள் எடுத்துக்கொள்ளக்கூடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வலிப்பது கெட்டது, சுகமாக இருப்பது நல்லது என்று குழந்தை மனம் பிரித்துக்கொள்ளும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, அழ அழப் பிடித்துக்கொண்டு காது குத்துகிறோம், தடுப்பூசி போடுகிறோம், தலைச் சிக்கு எடுக்கிறோம். எல்லாம் வலிக்கும். குழந்தையிடம் தவறாக நடக்கிறவன் பெரும்பாலும் வலிக்காமல், விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கிறான். சாக்லேட் தருவான், செல்போனில் கேம் போட்டுத் தருவான். அந்தத் தொடுதல் கூச்சமாகவோ சுகமாகவோகூட இருக்கலாம். ‘பேட்’ என்ற பெயரை அதற்கு ஒட்டக் குழந்தையால் முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் இருக்கும் எங்களில் பலர் ‘பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்’ என்று பேசுகிறோம். அதைவிடச் சிறு பிள்ளைக்கு எளிதாகப் புரிவது ஒரு விதி. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள் என்பது போன்ற விதி. அதே குரலில், அதே சாதாரணத்தோடு சொல்லுங்கள்:

“ஜட்டி மூடுகிற இடம் உனக்கு மட்டும் சொந்தம். அதை யாரும் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது, போனில் படம் எடுக்கக்கூடாது. அவர்களுடையதை உன்னிடம் காட்டவும் கூடாது, தொடச் சொல்லவும் கூடாது. கழுவிவிட அம்மாவோ பாட்டியோ தொடலாம். உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் பார்க்கலாம், அப்போது அம்மா பக்கத்தில் இருப்பேன். வேறு யாராவது செய்தால் அது அவர்கள் தப்பு. நீ என்னிடம் சொல்.”

நெஞ்சையும் வாயையும் பற்றியும் இதே போலச் சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். குளிக்கும்போது இரண்டு வரி, பாவாடை மாற்றும்போது ஒரு வரி, ஊருக்குக் கிளம்பும்போது ஒரு வரி போதும். திரும்பத் திரும்பச் சொன்னால்தான் தங்கும்.

‘ஷேம் ஷேம்’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெட்கக்கேடு என்பதையே ஓர் உறுப்புக்குப் பெயராக வைத்தால், அந்த உறுப்பில் நடந்ததை அம்மாவிடம் வந்து எப்படிச் சொல்வாள்? செல்லப் பெயர்களிலும் ஆபத்து உண்டு. ஒரு வீட்டில் பையனின் உறுப்புக்குக் ‘குருவி’ என்று பெயர். “வேன் அங்கிள் என் குருவியைப் பிடிக்கிறார்” என்று அந்தப் பையன் வகுப்பில் சொன்னபோது, நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியை நிமிராமலே, “விட்டுவிடச் சொல்” என்றார். அவர்மேல் எப்படிக் குற்றம் சொல்வது? ஆண்குறி, பெண்குறி என்ற சொற்கள் நம் நாக்கில் ஏறத் தயங்குகின்றன. எனக்கும் ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. இப்போதைக்கு ‘ஒன்றுக்குப் போகும் இடம்’, ‘இரண்டுக்குப் போகும் இடம்’ என்று தொடங்குங்கள். வீட்டிலும் வகுப்பிலும் ஆஸ்பத்திரியிலும் யார் கேட்டாலும் புரியும். கொஞ்சம் வளர்ந்ததும் சரியான பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். மூக்கு, முழங்கை என்று சொல்லும் அதே முகத்தோடு சொன்னால் குழந்தைக்கு அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்தது ரகசியம். நம் வீடுகளில் இதை எவ்வளவு சாதாரணமாகச் செய்கிறோம்! ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு “அப்பாவிடம் சொல்லாதே” என்கிறோம். புடவை வாங்கி வந்து “பாட்டிக்குத் தெரிய வேண்டாம்” என்று குழந்தையிடம் கண்ணடிக்கிறோம். பிள்ளையைத் தவறாகத் தொடுகிறவன் பயன்படுத்துவதும் இதே வாசகத்தைத்தான். அம்மாவே சொல்லும் வாக்கியம் என்பதால் குழந்தைக்கு அது வித்தியாசமாகத் தெரியாது. ஆகவே ‘நம் வீட்டில் ரகசியம் கிடையாது’ என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அண்ணன் பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கி மறைத்து வைத்திருந்தால் அது சர்ப்ரைஸ். இன்ன நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எப்போதுமே சொல்லக்கூடாது என்று யாராவது சொன்னால், அதை அம்மாவிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் ஐந்து வயதுக்கு நன்றாகவே புரியும்.

மகனைப் பற்றி நீங்கள் வயதை எழுதியதோடு விட்டுவிட்டீர்கள். பெரும்பாலான பெற்றோர் அப்படித்தான். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைச் சந்தித்து 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், அதாவது 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள்தான் சற்று அதிகம். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆய்வை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘பையன்தானே’ என்று தனியாகக் கடைக்கு, முடிவெட்ட, குளத்துக்கு அனுப்புகிறோம். அவனுக்கு நடந்தால், ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்ற பேச்சு அவன் வாயை இன்னும் இறுக்கமாகப் பூட்டிவிடும். அதனால் தங்கைக்குச் சொல்லும் விதி அத்தனையும் அவனுக்கும் உண்டு. கூடவே இன்னொன்று: கிச்சுக்கிச்சு விளையாட்டில் தங்கை “போதும்” என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி. இதை இப்போதே பழகிக்கொள்ளும் பையன் வளர்ந்த பிறகு யாருக்கும் தொல்லையாக இருக்க மாட்டான்.

மாமியாரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தாதீர்கள். பெண் பிள்ளையை எங்கே விடக்கூடாது, யார் வீட்டில் தங்கவைக்கக்கூடாது என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். காரணத்தை மட்டும் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். அவர்களிடமே பொறுப்பைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவர் கையில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். “அத்தை, தலைக்கும் முதுகுக்கும் நீங்கள் தேய்த்துவிடுங்கள், ஜட்டி போடும் இடத்தை அவளே கழுவிக்கொள்ளட்டும், அவளுக்கு அந்தப் பழக்கம் வரட்டும்” என்று கேளுங்கள். பேத்தியின் நன்மைக்கு என்றால் எந்தப் பாட்டி மறுப்பார்?

“கத்து, கடி, ஓடிவா” என்று மட்டும் சொல்லித் தந்து நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய மனிதர் ஒருவர், அதுவும் தெரிந்தவர், திடீரென்று தகாததைச் செய்தால் குழந்தை உறைந்துபோய்விடும். பெரியவர்களுக்கே அப்படித்தான் ஆகிறது. கத்தச் சொல்லியும் கத்தவில்லையே என்ற குற்ற உணர்வு பிறகு அவளை வாட்டும். “முடிந்தால் வேண்டாம் என்று சொல், அங்கிருந்து வந்துவிடு. முடியாவிட்டாலும் பரவாயில்லை. எப்போது சொல்ல முடிகிறதோ அப்போது சொல், பல நாள் கழித்துச் சொன்னாலும் அம்மா திட்ட மாட்டேன்” என்று சொல்லுங்கள். குழந்தையைக் காப்பது பெரியவர்களாகிய நம் கடமை. அவள் செய்ய வேண்டியது சொல்வது ஒன்றுதான். யாரிடம் சொல்வாள் என்பதை அவளது ஐந்து விரலில் எண்ணிப் பாருங்கள்: அம்மா, அப்பா, பாட்டி, கிளாஸ் டீச்சர், அத்தை என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

ஒருவேளை இந்தப் பிள்ளைகளில் ஒருவர் என்றாவது எதையாவது சொன்னால், முகத்தில் அதிர்ச்சி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை” என்று சொல்லுங்கள். எங்கே, எத்தனை முறை, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று குடைய வேண்டாம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டவோ உடைகளைத் துவைக்கவோ வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கட்டணமில்லாதது, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் காவல் துறையிடம் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. போலீஸ் என்றதும் குடும்பத்தார் பயப்படுவது மானத்தை நினைத்துத்தான். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பெயரும் அடையாளமும் ஊடகங்களில் வரக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும். ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்; பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

பள்ளிக்கும் ஒரு முறை போய்விட்டு வாருங்கள், சண்டைக்கு இல்லை. குழந்தைகளுக்கு இந்த வகுப்பை எடுப்பதற்கு முன்னால் பெற்றோரை அழைத்து, என்ன சொல்லப்போகிறோம் என்று சொல்லுங்கள் எனக் கேளுங்கள். அப்படிச் செய்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரின் கை ஓங்கியிருக்காது.

கடைசியாக, குளிப்பாட்டும்போது அவள் கேட்ட கேள்வி. உங்களைச் சந்தேகப்பட்டு அவள் கேட்கவில்லை, சகோதரி. புதிதாகக் கற்ற ஒன்றை, அடி விழாது என்று நம்பும் ஒரே இடத்தில் சரிபார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். உங்கள் வீட்டில் அந்த இடம் இன்னும் நீங்கள்தான். அதனால் நாளைக்கு அவள் கேட்காவிட்டாலும் நீங்களே ஆரம்பியுங்கள்: “நேற்று ஒன்று கேட்டாயே, அம்மா யோசித்துப் பார்த்தேன். உன்னைச் சுத்தமாக்கத்தான் அம்மா தொடுகிறேன். நீ பெரிய பெண்ணாகிவிட்டாய், அங்கே இனிமேல் நீயே சோப்புப் போட்டுக்கொள்கிறாயா?” என்று கேட்டு, சோப்பை அவள் கையில் கொடுங்கள். கை வழுக்கி இரண்டு முறை கீழே போடுவாள். எடுத்துக் கொடுங்கள்.